ஸ்லைடு வாசிக்கக் கம்பி மாற்றி, பிரிட்ஜைப் பெயர்த்த கதை

ஸ்லைடு என்பது விரலில் ஒரு சின்னக் குழாயை மாட்டி, அதைக் கம்பிமேல் வழுக்கிக் கிட்டார் வாசிப்பது. அதற்கு என்ன கம்பி போடலாம் என்று யாரைக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: தடிமனா போடு. எனக்கும் அதுதான் கிடைத்தது. போட்டேன். நாலே மாதத்தில் கிட்டாரின் பிரிட்ஜ், அதாவது மேல்பலகையில் ஒட்டி கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத் துண்டு, பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டது, அந்தச் சந்தில் ஒரு விசிட்டிங் கார்டின் முனையை நுழைக்க முடிந்தது. அந்தப் பதில் முழுக்கத் தப்பு என்று சொல்ல வரவில்லை, பாதி சரிதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வதற்கு நான் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. அதுவும் ஒரு வீணை செய்கிறவரிடம்.

என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டவர் பிளைண்ட் வில்லி ஜான்சன். அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த பாடகர், கண் தெரியாதவர், 1927-லிருந்து 1930 வரை மொத்தம் முப்பது பாட்டுகள்தான் ரெக்கார்டு செய்தார். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் ஒரு தங்கத் தட்டு ஏற்றி அனுப்பினார்களே, அதில் அவர் வாசித்தது ஒன்று இருக்கிறது. வார்த்தையே கிடையாது, முனகலும் ஸ்லைடும் மட்டும். முதல்முறை கேட்டபோது எனக்கு அது ப்ளூஸ் மாதிரியே படவில்லை, யாரோ ராத்திரி தனியாக உட்கார்ந்து ஆலாபனை செய்கிற மாதிரி இருந்தது. மறுநாளே ஒரு கண்ணாடி ஸ்லைடு ஆர்டர் போட்டுவிட்டேன்.

வந்தது, விரலில் மாட்டினேன், கம்பிமேல் வைத்தேன். டக், டக், டக். ஸ்லைடு ஒவ்வொரு ஃப்ரெட்டிலும், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டியிலும், இடித்துக்கொண்டே போனது, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும் டவுன் பஸ் மாதிரி. ஸ்வரம் எங்கேயும் நிற்கவில்லை. அப்போது கிட்டாரில் இருந்தது 10 செட், அதாவது எல்லாவற்றிலும் மெல்லியதான முதல் கம்பி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து பங்கு தடிமன். விரலால் அழுத்தி வாசிக்கப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அது வலிக்காது என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. ஸ்லைடுக்கு வந்தால் அந்தச் சுகமே வினை. விரலால் வாசிக்கும்போது கம்பியை ஃப்ரெட்டோடு சேர்த்து அழுத்துகிறோம். ஸ்லைடு அப்படி அழுத்தக்கூடாது, ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டபடி மிதக்க வேண்டும். தளர்ந்த மெல்லிய கம்பி ஸ்லைடின் எடைக்கே அமுங்கிவிடுகிறது. அமுங்கினால் ஃப்ரெட்டில் இடிக்கும், அதோடு கம்பி இழுபட்டு ஸ்வரமும் ஒரு பொடி மேலே ஏறிவிடும். சரியான இடத்தில்தான் வைத்திருப்பீர்கள், ஆனாலும் அபஸ்வரம்.

அதனால் "தடிமனா போடு" என்ற பேச்சில் நியாயம் இருக்கிறது. நான் வாங்கியது 13-56 செட். முதல் கம்பி 13, ஆறாவது 56. பெட்டியில் மீடியம் என்று போட்டிருந்தது, அந்தப் பெயரை நம்பாதீர்கள், அக்கூஸ்டிக் கிட்டாரில் மீடியம் என்பது நிஜத்தில் கனம். லைட் என்று விற்பது 12-53, பெரும்பாலான கிட்டார்களுக்கு அதுதான் வழக்கம்.

போட்டதுமே ஒரு சின்ன அறிகுறி வந்தது, நான் கவனிக்கவில்லை. டியூன் செய்யும்போது கம்பி சீராக ஏறாமல் "டிக்" என்று குதித்துக் குதித்து ஏறியது. கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பட்டைக்கு நட் என்று பெயர். அதில் இருக்கும் பள்ளங்கள் 10 செட்டுக்கு வெட்டியவை, தடிமனான கம்பி அதில் இறங்காமல் மேலேயே கவ்விக்கொண்டு நிற்கிறது. பென்சில் துகளைத் தடவினால் கொஞ்சம் வழுக்கும், ஆனால் சரியான மருந்து பள்ளத்தை அந்தத் தடிமனுக்கு அகலமாக்குவதுதான். அகலமாக்க மட்டும், ஆழமாக்க அல்ல. ஆழம் போனால் கம்பி கீழே இறங்கி மறுபடி டக் டக்.

அதைவிடப் பெரிய தப்பு டியூனிங். நான் பார்த்த பாடம் ஓப்பன் ஈ-யில் இருந்தது, அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மீட்டினாலே ஈ சுருதிக்கு இசைந்து ஒலிக்கும்படி வைக்கிற டியூனிங். சாதா டியூனிங்கிலிருந்து மூன்று கம்பிகளை மேலே ஏற்ற வேண்டும்: ஐந்தாவதும் நாலாவதும் இரண்டு ஃப்ரெட் அளவு, மூன்றாவது ஒரு ஃப்ரெட் அளவு. ஏற்றினேன். என் கிட்டார் கல்லூரிக் காலத்தில் வாங்கிய, பிளைவுட் மேல்பலகை கொண்ட சாதாரண கிட்டார். அடுத்த இரண்டு வாரம் சொர்க்கம். ஸ்லைடு கம்பிமேல் உட்கார்ந்தது, நாதம் நீண்டது, பக்கத்து வீட்டு அக்கா "என்னப்பா, நாதஸ்வரமா?" என்று கேட்டார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உயர ஆரம்பித்தது. உயர உயர ஸ்லைடுக்கு இன்னும் வசதி! கிட்டார் நமக்காகப் பழகிக்கொள்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்ட முட்டாள் நான். உண்மையில் மேல்பலகை உப்பிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் அதோடு சாய்ந்து, ஒட்டு விட்டுக்கொண்டிருந்தது.

ஊரில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் புதுசே வாங்கிடுங்க என்றார், இன்னொருவர் ஸ்க்ரூ போட்டு முடுக்கிடலாம் என்றார். இரண்டாமவர் சொன்னது கேட்கும்போதே பயமாக இருந்தது. தஞ்சாவூரில் வீணை வேலை செய்கிற ஒருவர் கிட்டாரும் பார்ப்பார் என்று நண்பன் சொல்லித்தான் போனேன். எழுபது வயசு இருக்கும், மடியில் ஒரு வீணைத் தண்டியை வைத்து மெட்டுக்கு (வீணையில் ஃப்ரெட்டுக்கு அதுதான் பெயர்) மெழுகு வார்த்துக்கொண்டிருந்தார். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிட்ஜை அவர் குதிரை என்றுதான் சொன்னார்.

"குதிரை எழும்பிருச்சு. என்ன கம்பி போட்டீங்க?"

"பதிமூணு செட்டுங்க ஐயா."

"நம்பர் இருக்கட்டும் தம்பி. எந்தச் சுருதிக்கு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஓப்பன் ஈ என்றால் சட்ஜமம் மூன்று கட்டை (நம் சங்கீதத்தில் சுருதியைச் சொல்கிற அளவு) என்று மனசுக்குள் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். "கம்பி கேக்குறவங்க சுருதியச் சொல்லாம எப்படிக் கேப்பீங்க? ரெண்டு கட்டைக்கு ஒரு கம்பி, நாலரைக்கு ஒரு கம்பி. தடியான கம்பி போட்டா சுருதிய இறக்கணும். நீங்க கம்பியையும் தடியாக்கி, சுருதியையும் ஏத்திட்டீங்க. பலகை என்ன பண்ணும்?"

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்லைடுக்குக் கம்பி தேர்ந்தெடுப்பது என்றால் பெட்டிமேல் இருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதல்ல. எந்தச் சுருதியில் வைக்கப் போகிறோம், அந்தச் சுருதியில் ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு இழுக்கும் என்பதைத் தேர்ந்தெடுப்பது. வீணைக்காரர்களுக்கு அது பாலபாடம். கிட்டார்காரர்கள் நாம் செட் செட்டாக வாங்கிப் பழகியதில் அதைத் தவறவிட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கணக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை, இரண்டு விதி போதும். ஒரு கம்பியை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் இழுவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், இரண்டு ஃப்ரெட் ஏற்றினால் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேயே கூடும். இன்னொன்று, ஒரே சுருதியில் தடிமன் கூடினால் இழுவிசை அந்தத் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: 12-க்குப் பதில் 14 போட்டால் தடிமன் கூடுவது ஆறில் ஒரு பங்குதான், இழுவிசை கூடுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

25.5 அங்குல நீளக் கம்பி உள்ள சாதாரண கிட்டாரில் 12-53 செட்டைச் சாதா டியூனிங்கில் வைத்தால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 163 பவுண்டு இழுக்கும், அதாவது 74 கிலோ. ஒரு முழு ஆள் எந்நேரமும் அந்தப் பிரிட்ஜில் தொங்குகிற மாதிரி. 13-56 செட் அதே டியூனிங்கில் 190-ஐ நெருங்கும். அதையே ஓப்பன் ஈ-க்கு ஏற்றினால் 210 பவுண்டு. என் கிட்டார் 12 செட்டுக்குக் கட்டியது. அது நாலு மாதம் தாங்கியதே பெரிது.

இப்போது அதே கணக்கை இறக்கிப் பாருங்கள். ஓப்பன் டி, அதாவது இரண்டு கட்டை. தடித்த கம்பியிலிருந்து டி ஏ டி எஃப்ஷார்ப் ஏ டி, நம் கணக்கில் ச ப ச க ப ச, அந்தர காந்தாரம். ஓப்பன் ஈ-யின் அதே அமைப்புதான், மொத்தமாக இரண்டு ஃப்ரெட் கீழே. இதில் எந்தக் கம்பியும் ஏறுவதில்லை, ஆறாவது, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது நாலும் இறங்குகின்றன. 13 செட்டை இதில் வைத்தால் மொத்தம் சுமார் 168 பவுண்டுதான், கிட்டத்தட்ட 12 செட்டின் சாதா டியூனிங் அளவு. ஓப்பன் ஈ-யில்தான் வாசிக்க வேண்டுமா, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டுங்கள், முடிந்தது. பிளைண்ட் வில்லி ஜான்சனே ஓப்பன் டி-காரர்தான். நான் அவரை விட்டுவிட்டு ஏதோ ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன்.

மொத்தக் கணக்கு கிட்டாரைக் காப்பாற்றும். வாசிப்பைக் காப்பாற்றுவது தனித்தனிக் கணக்கு, இங்கேதான் விஷயமே இருக்கிறது. சாதா 12 செட்டை ஓப்பன் டி-யில் வைத்தால் நாலாவதும் ஐந்தாவதும் தலா 30 பவுண்டு வாக்கில் விறைப்பாக நிற்கும், முதல் இரண்டு கம்பிகளும் 18-19 பவுண்டுக்குத் தொங்கிவிடும். ஸ்லைடில் பாட்டு முழுக்க நடப்பது அந்த முதல் இரண்டு கம்பிகளில்தான்! நடுக் கம்பிகளுக்குச் சரியான அழுத்தம் கொடுத்தால் முதல் கம்பி அமுங்கி இடிக்கும், முதல் கம்பிக்குத் தகுந்த மாதிரி மெதுவாக வைத்தால் நடுக் கம்பிகள் கரகரக்கும். கை சரியில்லை என்று மாதக்கணக்கில் என்னைத் திட்டிக்கொண்டேன். கை சரியாகத்தான் இருந்தது, கம்பிகள்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

ஆகவே நான் இப்போது போடுவது இப்படி: முதலிலிருந்து 14, 18, 24, 32, 42, 56. நடுவில் உள்ள மூன்றும் சாதா 12 செட்டிலிருந்து அப்படியே. முதல் இரண்டையும் ஆறாவதையும் மட்டும் உதிரியாக வாங்கி மாற்றுகிறேன். ஓப்பன் டி-யில் முதல் கம்பி 25 பவுண்டு, இரண்டாவது 23, நடுவில் 27-லிருந்து 30, ஆறாவது 23. எல்லாம் ஓரளவு ஒரே விறைப்பில் வந்துவிட்டது. மொத்தம் 160 பவுண்டு கூட இல்லை. அதாவது முதல் கம்பியை 14 வரை தடிமனாக்கியும் என் பழைய பிளைவுட் கிட்டாருக்கு 12 செட்டைவிடச் சுமை குறைவு. இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் முதல் கம்பி 15 போடலாம், 29 பவுண்டு வரும். கையில் பித்தளை ஸ்லைடு மாதிரிக் கனமானது இருந்தால் அது நன்றாக இருக்கும். எனக்கு 14 போதுமாக இருக்கிறது, ஸ்லைடுக்கு நடுவே விரலாலும் கொஞ்சம் வாசிப்பேன்.

இதே செட்டைத் தூக்கி ஓப்பன் ஜி-யில் போடாதீர்கள். அதில் கணக்கு வேறு. டி ஜி டி ஜி பி டி. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது மூன்றும் சாதா டியூனிங்கிலேயே இருக்கின்றன, இறங்குவது முதல், ஐந்தாவது, ஆறாவது மட்டும். அதனால் முதல் கம்பியை 14 ஆக்கலாம், இரண்டாவதை 16-லேயே விட்டுவிடலாம், ஐந்தாவதை 45-க்குக் கூட்டினால் நல்லது. இரண்டாவதில் 18 போட்டால் அது பக்கத்தில் இருக்கும் முதல் கம்பியைவிட முறுக்கிக்கொண்டு நிற்கும். நண்பன் ஒருவன் என் எண்களை அப்படியே எழுதி வாங்கிப் போட்டுவிட்டு "உன் செட்டு சரியில்லைடா" என்றான். அவன் வைத்திருந்தது ஓப்பன் ஜி. எந்தச் சுருதிக்கு என்று நானும் கேட்கவில்லை பாருங்கள்.

ரெசொனேட்டர் கம்பி என்று தனியாக விற்பதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1927 வாக்கில் நேஷனல் கம்பெனி கொண்டுவந்த உலோகக் கூம்பு வைத்த கிட்டார்கள் வேறு சாதி, அந்தக் கூம்பை அசைக்கக் கனமான கம்பி வேண்டும். அதிலும் 16-ல் ஆரம்பிக்கும் செட்டுகள் பல, மடியில் படுக்கவைத்து வாசிக்கிற, கழுத்து சதுரமாக இருக்கிற வகைக்கானவை. அதன் டியூனிங்கில் ஐந்தாவதும் ஆறாவதும் நம்முடைய ஓப்பன் ஜி-யைவிட மேலே இருக்கும். நம் மரக் கிட்டாரில் அதைப் போட்டுச் சாதா டியூனிங்குக்கு ஏற்றினால் என் கதைதான்.

கம்பியை மாற்றுவதற்கு முன்னால் உயரத்தைப் பாருங்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். விரலுக்கு ஏற்ற கிட்டாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் முதல் கம்பிக்குக் கீழே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஸ்லைடுக்கு 3 இருந்தால் நிம்மதி. தஞ்சாவூர் ஐயா பிரிட்ஜைச் சூடு காட்டிப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டிக் கொடுத்தபோது எலும்பில் ஒரு உயரமான சேடிலும், அதாவது பிரிட்ஜின்மேல் கம்பிகள் உட்காரும் துண்டும், செதுக்கிக் கொடுத்தார். பழையதைத் தூக்கிப்போடாமல் கவருக்குள் வைத்திருக்கிறேன், விரல் வாசிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் ஐந்து நிமிட வேலை. நட்டுக்குமேல் கவிழ்க்கிற இரும்புத் துண்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அது கம்பியை ரொம்பவே உயர்த்திவிடும். மடியில் படுக்கவைத்து மட்டுமே வாசிப்பவர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்கு வேண்டாம். அவர் கடையில் ஒரு கோட்டுவாத்தியம் தொங்கியது, மெட்டே இல்லாதது. "இதுல இடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுதுல மெட்டு இருக்கு, அதை மறந்துட்டு வாசிங்க" என்றார். சொல்வது சுலபம்.

என்ன உலோகம் என்று அடுத்துக் கேட்பீர்கள். தடித்த கம்பிகளில் எஃகின்மேல் மெல்லிய உலோக இழை சுற்றியிருக்கும், அந்தச் சுற்றின் உலோகம்தான் விஷயம். பாஸ்பர் பிரான்ஸ், 80/20 பிரான்ஸ் இரண்டும் போட்டுப் பார்த்தேன். 80/20 புதிதாக இருக்கும்போது ரொம்ப மினுக்குகிறது, ஸ்லைடின் "க்ரீச்" சத்தத்தையும் சேர்த்து மினுக்குகிறது. பாஸ்பர் பிரான்ஸ் எனக்குப் பிடித்திருக்கிறது, அதுவும் மூன்று வாரம் பழசான பிறகு. விரல் வாசிப்பில் செத்துவிட்டது என்று மாற்றுகிற நிலையில்தான் ஸ்லைடுக்கு அது பக்குவத்துக்கு வருகிறது. சுற்றுக் கம்பியின் மேற்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்திய வகையும் உண்டு. கரகரப்பு நன்றாகவே குறைகிறது, கூடவே உயிரும் குறைகிறது. ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூச்சுப் போட்ட கம்பிகளை ஒருமுறை வாங்கினேன், பித்தளை ஸ்லைடு உரசி உரசிப் பூச்சு நார் நாராகத் தொங்கியது. கண்ணாடி ஸ்லைடு என்றால் கொஞ்ச நாள் கூடத் தாங்குமோ என்னவோ, அந்த விலைக்கு மறுபடி முயற்சி செய்ய மனசு வரவில்லை. அதைவிட, வாசித்து முடித்ததும் முதல் இரண்டு கம்பிகளை ஒரு பழைய காட்டன் துணியால் அடியிலும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்குச் சுற்றில்லாத எஃகுக் கம்பிதான் முதலில் துருவேறும், துரு பட்ட கம்பியில் ஸ்லைடு போவது உப்புத்தாளில் போவது மாதிரி.

மூன்றாவது கம்பியைச் சுற்றில்லாத 22 ஆக மாற்றிப் பார்த்ததும் உண்டு. ஸ்லைடில் வழவழவென்று போகிறது, காந்தாரத்தை அசைக்க அவ்வளவு சுகம். ஆனால் விரலால் அழுத்தினால் ஸ்வரம் மேலே போய்விடுகிறது, சேடில் சுற்றுக் கம்பிக்காக வெட்டியது. ஸ்லைடு தவிர வேறு எதுவும் வாசிக்காதவர்கள் தாராளமாகப் போடலாம், ஸ்லைடில் ஸ்வரத்தைத் தீர்மானிப்பது நம் காது, ஃப்ரெட் அல்ல.

உதிரிக் கம்பிகள் திருச்சியில் கடைக்குப் போனால் கிடைப்பதில்லை. 14-உம் 18-உம் ஆன்லைனில் பத்துப் பத்தாக வாங்கி, ஈரம் உள்ளே போகாத ஜிப் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். சுற்றில்லாத எஃகுக் கம்பி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறேன். முனையில் குண்டு உள்ளதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

போன தீபாவளிக்கு வந்த அக்கா மகள், போன் ஆப்பை வைத்துக்கொண்டு "மாமா, உங்க கிட்டார் டியூனே இல்ல" என்று முதல் கம்பியை ஈ-க்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். 14 கம்பி ஈ-யில் 32 பவுண்டு இழுக்கும், அடுத்து மற்றவற்றையும் ஏற்றியிருப்பாள். நல்லவேளை காப்பி கொண்டுவந்தபோது பார்த்துவிட்டேன். இப்போது தலைப்பக்கம் ஒரு அட்டைத் துண்டு நூலில் தொங்குகிறது. தஞ்சாவூர் ஐயா ஒட்டிக் கொடுத்த அன்று அவர் கையால் எழுதிக் கொடுத்ததுதான், அதுவரை கவருக்குள் கிடந்தது: "2 கட்டை. ஏத்தக்கூடாது."